சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சை

எலுமிச்சம்பழத்தைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். எலுமிச்சைச் சாதம் கிளறி வைத்தால் எழுந்து போய்விடுவேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பதினோரு மாதம் முதுகு வளைந்தவர்கள் அவர்கள் இல்லை.

ஐம்பதுகளின் கடைசி. தென்காசியில் ஓர் அலுவலகத்தில் மதகு, பாலம் வரைபடங்களை நகலெடுக்கும் வேலை எனக்கு. குற்றாலத்தில் சீசனுக்கு வந்த யாரோ விட்டுப்போன ஆங்கிலப் பத்திரிகை ஒன்று பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. அதன் நடுவில் மடித்திருந்த பெரிய தாளில், யுத்தத்தில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மாதிரியைச் செய்வதற்கான வரைபடம் இருந்தது. இறக்கைக்கு இறக்கை மூன்று அடி. இடது இறக்கையை மட்டும்தான் போட்டிருந்தார்கள். தாளில் எண்ணெய் தடவி, கோடுகள் பின்பக்கமும் தெரியும்படி ஆக்கி, திருப்பிப் போட்டு வலதைச் செய்துகொள்ள வேண்டும். அவர்கள் சொன்ன பால்சா மரத்துக்கு நான் எங்கே போக? செங்கோட்டை மரக்கடையில், தீக்குச்சிக்கு அறுக்கிற மரத்தின் கழிவை வாங்கிப் பிளேடால் சீவிச் சட்டங்கள் செய்தேன். மேலே ஒட்டப் பட்டம் செய்கிற தாள். மூக்கிலுள்ள விசிறியைச் சுழற்ற, முறுக்கி விடச் சைக்கிள் டியூப் ரப்பர்.

என் அண்ணன் ஒற்றை லாரி வைத்து ஆலங்குளத்துக்கு மரம் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பதினோரு மாதமும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏலே, பட்டம் விடுத வயசா ஒனக்கு? பொண்ணு வீட்டுக்காரன் பாத்தா என்ன நெனைப்பான்?"

சோறு போடும் மதினியும் கூடச் சேர்ந்துகொள்வாள். "ஒட்டுதாரு ஒட்டுதாரு, இன்னும் ஒரு மொழம் பறக்கல."

எப்படிப் பறக்கும்? ஆனி ஆடியில் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும். சாரல் ஈரத்தில் தாள் தொய்ந்துவிடும். ஐப்பசி பிறந்தால் அடைமழை. நடுவில் புரட்டாசிக் கடைசியில்தான் சில நாள் காற்றும் அடங்கி வெயிலும் காயும். அந்த வருஷம் ஆயுத பூஜை அந்த நாட்களில் வந்தது. மறுநாள் காலை இலத்தூர்ப் பக்கத்துத் தரிசில் பறக்க விடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஒரே ஒரு தடவை பறந்தால் போதும், அண்ணன் வாய் அடைபட்டுவிடும்.

பூஜையன்று மத்தியானம் தரிசைப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் திரும்பினேன். வாசலில் லாரி மாலையோடு நின்றது. முன்சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன. லாரிக்குப் பக்கத்தில், மண்ணில், என் விமானம். இரண்டு இறக்கையிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருந்தார்கள். ஈரம் பட்ட இடமெல்லாம் தாள் தொங்கியது. இரண்டு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சை வேறு. பழமும் சக்கரமும் ஒரே பருமன். அண்ணன் குந்தி உட்கார்ந்து வாலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வேண்டாம்!" என்று கத்தினேன்.

"இருலே, ஏற மாட்டேங்கு" என்று உள்ளங்கையை வைத்து அழுத்தித் தள்ளினார்.

சக்கரம் மாட்டிய கம்பிக் கால்கள் இரண்டும் மடங்கின. வலது இறக்கை அடியோடு முறிந்தது. எலுமிச்சைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"ஒங்க லாரிய எவனாவது இப்படி நொறுக்கினா சும்மா இருப்பியளா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

அண்ணன் முகம் வெளிறிவிட்டது. "லாரிக்கு வைக்கோம், இதுக்கு வைக்காண்டாமா? நாளைக்கு மொதமொதலா கெளம்புத வண்டிலே. ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னுதான்..."

அத்தனை மாதமும் பட்டம் என்றவர் அன்றைக்குத்தான் வண்டி என்றார். அது என் காதில் நன்றாகவே விழுந்தது. கோபம் இரட்டிப்பானது. உடைத்த பிறகா மரியாதை?

ஆனாலும் ராத்திரிக்குள் ஒட்டிவிடலாம். பிளேடையும் பசையையும் எடுக்க உள்ளே ஓடினேன். அவையும் பூஜைப் பலகையில், பொட்டோடு இருந்தன. மதினி குறுக்கே வந்து நின்றாள். "பூசையில வச்சத நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாது."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அந்த மட்டுப் புத்தியும் இல்லை. வெளியே வந்து, முழுசாக இருந்த இடது இறக்கையின் மேல் காலை வைத்தேன். பிறகு உடலின் மேல், வாலின் மேல். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு, எல்லாம் சக்கையாகும்வரை மிதித்தேன்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் மறு வருஷ ஆயுத பூஜையில் டிரைவர் எலுமிச்சையோடு வந்தபோது, "அது வேண்டாம்லே, எடுத்துட்டுப் போ" என்றார். லாரியை விற்கிறவரை அதன் சக்கரத்தடியில் பழம் வைக்க அவர் விடவில்லை.

அவர் உடைத்தது ஓர் இறக்கை. ஒட்டியிருந்தால் பறந்திருக்கும். மிச்சத்தை உடைத்தது நீதானே என்று அவர் ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை.