பாம்புக்காதரும் இருபத்தெட்டு ஓட்டைகளும்

தொழிற்சாலையில் அவருக்குப் பாம்புக்காதர் என்று பெயர். இயந்திரங்களுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸரை இருபத்திரண்டு வருடமாகக் கட்டி மேய்ப்பவர். குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் அதன் சீறலைக் கேட்டுக் கொட்டகையின் மறுகோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். அதெல்லாம் அந்தக் காலம். பக்கத்திலேயே நின்று அலறிய கம்ப்ரஸர் காதைச் சும்மா விடுமா? வீட்டில் மனைவி கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றுவாள். காதில் விழாத மாதிரி நடிக்கிறார் என்று திட்டுவாள். திமிர் பிடித்தவர் என்ற பட்டத்தை அவர் மறுக்கவில்லை. செவிடர் என்பதற்கு அது எவ்வளவோ மேல்.

"காத்து ஒழுகினா கரண்ட் வீண். அந்தக் கரண்டுக்காக எங்கயோ நிலக்கரி எரிஞ்சு புகையுது. வர்ற லீவுல எல்லா ஓட்டையையும் அடைச்சிடுங்க. உங்க காது இருக்கிறப்ப எனக்கென்ன கவலை?" என்றார் மேனேஜர்.

அவர் மேனேஜரின் உதட்டசைவைப் படித்துத் தலையாட்டிவைத்தார். காது போன விஷயம் தெரிந்தால் வேலையைப் பிடுங்கி வாசல் காவலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

விடுமுறையன்று, "நான் வேலை செய்யற இடத்த நீ பாத்ததே இல்லையே, வா," என்று மனைவியை அழைத்துப் போனார். கல்யாணமான நாளிலிருந்து காட்டாத அக்கறை. மற்ற இயந்திரங்கள் ஓய்வில் இருந்தன. தூரத்தில் கம்ப்ரஸர் மட்டும், ஓட்டைகளுக்குச் சேவகம் செய்ய, நின்று நின்று ஓடியது. அவர் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டு நடந்தார். இந்த வயதில் இதென்ன பார்வை என்று அவளுக்கு வெட்கம் வேறு.

"என்னங்க, இங்க புஸ்ஸுன்னு வருதே."

"எங்க, சொல்லு பாக்கலாம்," என்றார் பரீட்சை வைப்பவர் மாதிரி.

அவள் காட்டிய இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழி பொங்கியது. இணைப்பை முறுக்கினார். இப்படியே இருபத்தேழு ஆனது. இருபத்தெட்டாவது, அவர் தோளை ஒட்டிய வால்வில்.

"உங்க காதுகிட்டயே கத்துதே," என்றாள் அவள்.

அவர் நாலாபக்கமும் தேடினார். அவள் கிட்டே வந்து அவரை உற்றுப் பார்த்தாள்.

"அப்ப வீட்ல நான் கூப்பிடறது நிஜமாவே கேக்கலையா?"

"கேக்கல."

"நான் திட்டினதெல்லாம்?"

"அது முகத்தப் பாத்தாலே தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அவர் வால்வை இறுக்கி முடித்தார். சற்று நேரத்தில் கம்ப்ரஸர் அடங்கியது. அது அவருக்குத் தெரியவில்லை. அவள் நேர் எதிரே நின்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நின்னுடுச்சுங்க. நாளைக்கு மேனேஜர்கிட்ட உண்மையச் சொல்லிடுங்க."

"வாசலுக்கு மாத்திடுவாங்க."

"மாத்தட்டும். அங்க சத்தம் கிடையாதுல்ல. மிச்சம் இருக்கற காதாவது எனக்குக் கிடைக்கட்டும்."