நெஞ்சில் நின்ற சொதி

மகனின் கல்யாணத்துக்கு மறுநாள், டவுணில் ஒரு மண்டபத்தில் பெண் வீட்டார் சொதி விருந்து வைத்தார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம். மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்து, தேங்காய்ப்பாலில் செய்த சொதியைச் சோற்றில் ஊற்றி, மனம் நிறைந்ததா என்று முகத்தைப் பார்ப்பார்கள். அன்று அவர்கள் பார்த்த முகம் என்னுடையது.

எனக்கோ சோறு இறங்காது. வருடக்கணக்கான நெஞ்செரிச்சல். மேலேறிய அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கி, புண் ஆறி ஆறி, வழியே சுருங்கிவிட்டதாக டாக்டர் சொல்லியிருந்தார். உள்ளே பலூன் விட்டு விரிக்கலாம் என்றார். கல்யாணம் முடியட்டும் என்றிருந்தேன். வெளியே யாருக்கும் தெரியாது.

சொதி இலையில் பரவியது. முருங்கைக்காய், பாசிப்பருப்பு, கடைசியில் ஊற்றிய கெட்டியான தலைப்பால், பிழிந்த எலுமிச்சை, என்ன மணம். வாய் ஊறியது. வாய்க்கு ஒன்றும் தெரியாது, பாவம். முதல் கவளம் போனது. இரண்டாவது, நெஞ்செலும்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. தண்ணீர் குடித்தேன், தண்ணீரும் அதன்மேல் நின்றது.

பக்கத்திலிருந்த மச்சினன், "என்ன அத்தான், இலையில கோலமா போடுதிய?" என்றான். பந்தி முழுக்க எழுந்திருக்க எனக்காகக் காத்திருந்தது. மிச்சச் சோற்றை உள்ளே வைத்து இலையை மடித்தேன்.

புடைத்திருந்த இலையைச் சம்பந்தி பார்த்துவிட்டார். கை கழுவுகிற இடத்துக்கே வந்தார்.

"நாங்க ஏதும் குறை வச்சிட்டமா அண்ணாச்சி? எங்க பிள்ளை உங்க வீட்டுல வந்து வாழணும்."

என் இலை அந்தப் பெண்ணின் மேல் புகாராய் விழுந்திருந்தது.

"குறை சோத்துல இல்ல. எனக்கு இறங்க மாட்டேங்கு. நெஞ்சுலயே நிக்கு."

அவர் என் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவந்தார். பந்தி கலைந்த கூடத்தில் வேறு இலை போடச் சொல்லி, சோற்றைக் குழைய மசித்துச் சொதி ஊற்றவைத்தார். எதிரே தானும் உட்கார்ந்தார்.

"பைய சாப்பிடுங்க. இங்கன யாரும் காத்துக் கிடக்கல."

ஒரு வாய் இறங்கியது. இலையோரத்து உருளைக்கிழங்கு வறுவலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இஞ்சிப் பச்சடியை நாக்கில் மட்டும் தொட்டுக்கொண்டேன். கூட்டத்தோடு கூட்டமாக, பேசிச் சிரித்துக்கொண்டு, விழுங்குகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் ஒரே ஒரு பந்தியில் சாப்பிட்டு எழவேண்டும். உலகத்தில் வேறெதற்கும் அப்போது ஆசையில்லை.

அடுத்த வாய் பாதியில் நின்றது. சம்பந்தி என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார். பரிமாற வந்தவரைக் கையமர்த்தினார். இருவரும் அது இறங்கக் காத்திருந்தோம்.