விசா முடிய மூன்று நாள்

லண்டன் எட்மண்டனில் நகுலேஸ்வரியைத் தெரிந்தவர்கள் அவளை 'வேலைப்பேய்' என்பார்கள். ஆஸ்பத்திரி விரிப்புகள் வெளுக்கும் லோண்டரி ஒன்றில் பதினாறு வருடமாக மடிப்பு மேசையில் நிற்கிறாள். இருபத்திரண்டு வயதில் ஜெர்மனிக்குப் போனவள், பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்து, புருஷனை மாரடைப்புக்குக் கொடுத்துவிட்டு இந்த ஐம்பத்தெட்டிலும் ஓடிக்கொண்டிருக்கிறாள். யாராவது லீவு கேட்டால் மனேஜர் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். ஏலாது என்று அவள் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

ஆனால் இந்த ஆறு மாதமும் அவள் ஓடியதற்குக் காரணம் வேறு. வன்னியிலிருந்து தங்கை தவமலர் ஆறு மாத விசாவில் வந்து வீட்டில் இருந்தாள். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு ஒரே கூரையின் கீழ் அக்காவும் தங்கையும். மகள் லக்‌ஷிகாவுக்கே பொறுக்கவில்லை. "அம்மா, சித்தி உங்களைப் பாக்கத்தானே வந்தவா? லீவு போடுங்கோவன். நீங்கள் என்ன, ஒளிச்சுத் திரியிறீங்களோ?"

பிள்ளை பகிடியாகச் சொன்னதுதான். ஆனால் உண்மை.

இரண்டாயிரத்து ஒன்பது, பங்குனி மாதம். லோண்டரியில் சேர்ந்து மூன்றாவது கிழமை. வேலை நேரத்தில் போன் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். ஏப்ரன் பைக்குள் அது துடித்தது. நீளமான, புரியாத ஓர் எண். எதிரே சூப்பர்வைசர் நின்றாள். நகுலேஸ்வரி பைக்குள் கையை விட்டு அழைப்பை வெட்டினாள். மறுபடி துடித்தது. மறுபடி வெட்டினாள். இடைவேளையில் அந்த எண்ணுக்கு எடுத்தபோது சத்தமே இல்லை. வன்னிப் போருக்குள் அம்மாவும் தங்கை மலரும் அகப்பட்டிருந்த மாத்தளனில், சனம் ஒரு சாட்டலைட் போனைச் சுற்றி நின்று வெளிநாட்டுக்கு எடுக்கிறது என்ற செய்தியை அன்று மாலைதான் ஒருவர் சொன்னார். ஒரு மாதம் கழித்து அம்மா செத்த செய்தி வந்தது. அந்த அழைப்பைப் பற்றி மலர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. இப்போது, வருகிற புதன்கிழமை மலருக்கு விமானம். அதற்கு முன் சொல்லிவிட வேண்டும். சொல்லத் துணிவில்லாமல் ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது.

மலரின் சூட்கேஸ் ஒரு மாதத்துக்கு முன்பே கட்டியாகிவிட்டது; இடம் காட்டுவதை மட்டும் கடைசி ஞாயிறுக்கு வைத்திருந்தாள். எங்கே போவது என்று யோசித்து, நூலகத்தில் எடுத்த ஒரு துண்டுப்பிரசுரத்தைப் பார்த்தாள். நீர்த்தேக்கங்கள், பறவைகள், மான்கள். நல்லதாய்ப் போச்சு, மனதை நோகடிக்காத இடம் என்று எண்ணி மடித்து வைத்தாள். பின்பக்கத்தைப் படிக்கவில்லை.

லக்‌ஷிகா இருவரையும் பூங்கா வாசலில் இறக்கிவிட்டாள். "நாலரைக்கு வந்து ஏத்துறன். சித்தி, அம்மா குடையை ரெண்டுதரம் எண்ணுவா, பயப்பிடாதேங்கோ."

நீர்த்தேக்கத்தின் கரையோரம் நடந்தார்கள். இறக்கையை விரித்துக் காயவைத்தபடி நீர்க்காகங்கள் வரிசையாய் நின்றன. மலர் அவற்றைப் பார்த்துச் சிரித்தாள். "உடுப்புக் காயப்போட்ட மாதிரி நிக்கினம். உன்ர லோண்டரியில வேலை குடுக்கலாம் அக்கா."

நகுலேஸ்வரியும் சிரித்தாள். இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். "மலர், பசிக்குதோ?" என்றுதான் வந்தது. ரோல்ஸைப் பிரித்துக் கொடுத்தாள். அடுத்த வாங்கில் உட்கார்ந்ததும் சொல்லலாம் என்று நினைத்தாள். அங்கே ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் இருந்தது. தமிழ் தெரியாதவர்களுக்குப் பயந்து அந்த வாங்கையும் தாண்டினாள்.

மரங்களுக்கு அப்பால் புல் மூடிய ஒரு மேடும் அதற்குள் ஒரு வாசலும் தெரிந்தன. வெளியே பச்சைத் தொப்பியோடு ஒரு வயதான வெள்ளைக்காரர் நின்று எல்லோரையும் உள்ளே வரச் சொன்னார். இரண்டாம் உலகப்போரில் இது விமானத்தளமாம். குண்டு போடும்போது ஆட்கள் பதுங்கிய இடமாம். துண்டுப்பிரசுரத்தின் படிக்காத பின்பக்கத்தில் இதுதான் இருந்திருக்கும் என்று நகுலேஸ்வரிக்கு இப்போதுதான் பட்டது. "வேண்டாம் மலர், அங்கால மான் இருக்கு, வா."

"இது பங்கர் எல்லே?" மலர் அதற்குள் படியில் கால் வைத்துவிட்டாள்.

வாசல் உயரமாகத்தான் இருந்தது. இருந்தும் மலர் குனிந்துதான் நுழைந்தாள். உள்ளே போனவள் வாசலுக்கு நேரே நிற்கவில்லை. யோசிக்காமலே இடதுபக்கச் சுவரோடு ஒதுங்கி, மூலையில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். நகுலேஸ்வரி வாசலுக்கு நேரே நடுவில் நின்றாள். மலர் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "உதில நிக்காத. வெடிச் சன்னம் நேர வாறது."

நச்சுவாயு முகமூடி போட்ட பொம்மைக் குடும்பம் ஒன்று வாங்கில் இருந்தது. தொப்பிக்காரர் ஒரு பொத்தானை அமத்த, அபாயச் சங்கு நீளமாய் ஊதியது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"சங்கு ஊதிச் சொல்லிப்போட்டுத்தான் குண்டு போட்டிருக்கினம்," என்றாள் மலர். "நல்ல மனுசர். எங்கட பங்கருக்குள்ள நாங்கள் பதினொரு பேர். இதுக்குள்ள அம்பது பேர் காலை நீட்டிப் படுக்கலாம். பெயின்ற் வேற அடிச்சிருக்கு."

கூட்டம் வெளியேறியது. பொம்மைகளும் அவர்கள் இருவரும் மிஞ்சினார்கள். வாசலில் போகும் ஆட்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. நகுலேஸ்வரி தங்கையைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"மலர். அந்தப் பங்குனி மாசம் ஒரு கோல் வந்தது. நான்தான் வெட்டினனான். ரெண்டுதரம். சூப்பர்வைசர் முன்னால நிண்டவள்."

மலர் பொம்மைக் குழந்தையின் தொப்பியை நேராக்கினாள். "தெரியும்."

"என்னெண்டு?"

"கவறேச் இல்லாட்டி மணி போகாது. இது மணி போய் நிண்டது. ரெண்டு மணி, பிறகு நிண்டது. திரும்ப எடுக்க ஒரு மணி, நிண்டது. போன் வச்சிருந்த பெடியன் என்னைப் பாத்தவன். ஒண்டும் சொல்லேல்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டவன்."

"அம்மா?"

"பக்கத்திலதான். உன்ர குரலைக் கேக்கவேணுமெண்டு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தவா. லைன் வேலை செய்யேல்லையாம் அம்மா எண்டு சொன்னனான். ஓம், அவளுக்கு அங்க குளிர், லைன் கஷ்டம்தான் எண்டவா. அதுக்கு ஒன்பதாம் நாள் செத்துப்போனா."

நகுலேஸ்வரிக்கு அழுகை வரவில்லை. பதினாறு வருடமாக அந்த வரிசையில் மலரை மட்டும்தான் கற்பனை செய்திருந்தாள். அம்மாவை அங்கே நிறுத்திப் பார்க்க ஒருநாளும் தோன்றவில்லை.

"என்னை ஏசடி," என்றாள். "ரெண்டு பேச்சுப் பேசு. கும்பிட்டுக் கேக்கிறன்."

"ஏசத்தானே வந்தனான்!" மலரின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "வேற என்னத்துக்கு வந்தனான்? உங்கட ஈஸ்ட் ஹாம் சாறிக்கடை பாக்கவோ? பிளேனுக்குள்ள இருந்து ஒவ்வொண்டா அடுக்கிக்கொண்டு வந்தனான். வந்து பாத்தா நீ விடிய நாலு மணிக்குப் போறாய், பொழுதுபட வாறாய், கால் ரெண்டும் பூசணிக்காய் மாதிரி. சாப்பாட்டைப் போட்டுத் தந்திட்டுப் பாத்திரம் கழுவப் போறன். இண்டைக்கு வீட்டில இருப்பாள், நாளைக்கு இருப்பாள் எண்டு ஆறு மாசமாப் பாத்தனான். நீயா ஒருக்காக் கேப்பாய் எண்டு இருந்தனான் அக்கா."

"பயமா இருந்தது."

"அண்டைக்கு எனக்குப் பயமில்லையோ?"

அந்த ஆறு மாதத்தில் யார் யாருக்காகவோ நின்ற ஷிப்ட்டுகள் நகுலேஸ்வரியின் கண் முன்னால் வந்தன. றஜீனாவின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு, அதற்கு ஒரு கிழமை. நிஷாந்துக்கு முதுகு நோ, அதற்கு மூன்று நாள். எல்லாம் இவளே வலியக் கேட்டு வாங்கியவை. அதில் ஒன்றையாவது விட்டிருக்கலாம்.

"சொல்லு," என்றாள். "முதல்ல இருந்து சொல்லு. எல்லாத்தையும்."

"மூண்டு நாள் காணாது."

"காணுற அளவுக்குச் சொல்லு."

தொப்பிக்காரர் அடுத்த கூட்டத்தோடு வாசலுக்கு வந்தார். இருவரும் எழுந்து இடம் விட்டு, மீண்டும் நீர்த்தேக்கக் கரைக்கு வந்தார்கள். மலர் தொடங்கினாள். அன்றைக்குக் காலையில் அம்மா தேத்தண்ணி குடிக்காதது, வெளிநாட்டுக்குப் பேசப் போகிறோம் என்று தலை இழுத்துக் கட்டியது, மணலில் செருப்பு புதைந்து அறுந்தது, அம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தது. நகுலேஸ்வரி, தங்கை மூச்செடுக்க நின்ற இடங்களில் தானும் நின்றாள்.

நாலரைக்கு லக்‌ஷிகா வந்து ஹோர்ன் அடித்தபோது, மலரின் கதையில் அம்மாவும் அவளும் இன்னும் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள்.