கைமணமும் ஒரு கட்டி சோப்பும்

எங்கள் தையல் ஆலை கேண்டீனில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கைமணத்தக்கா என்றால்தான் திரும்புவாள். ஆலை திறந்த நாளிலிருந்து அடுப்படி அவள் ராஜ்ஜியம். பாத்திரம் கழுவுகிற எனக்கே, கரண்டியை எப்படிக் கவிழ்ப்பது என்று சட்டம் போடுவாள். "உன் கை பட்டாலே தனி ருசிதான்க்கா" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவர்கள் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழும். அந்த ருசி தன் கையிலேயே ஒட்டியிருக்கிறது என்று அவள் உண்மையாகவே நம்பினாள். அதனால் சமைக்கும்போது கையில் சோப்புப் படவிட மாட்டாள். தண்ணீரில் ஒரு அலசு, இடுப்புத் துணியில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். சோப்புப் போட்டால் மணம் போய்விடுமாம்.

அப்படிப்பட்டவளுக்குத் துணையாக அவள் ஓரகத்தியே வேலைக்கு வந்து சேர்ந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி. முதல் நாளே குழாயடியில் சோப்பு வைத்தாள். கோழிக்கு ஒரு பலகை, காய்க்கு ஒரு பலகை என்று பிரித்தாள். மிஞ்சியதை உடனே ஃப்ரிட்ஜில் வைப்பாள். வெகுநேரம் வெளியே கிடந்தது என்றால் யோசிக்காமல் கொட்டிவிடுவாள்.

"பலகைக்கெல்லாம் தனிக்குடித்தனம் வச்சுக் குடுத்திருக்கா பாரு மகராசி," என்று கைமணத்தக்கா என் காதில் முணுமுணுத்தாள். எனக்கும் எரிச்சல்தான். கூடுதல் பலகையைத் தேய்ப்பது நான்தானே.

ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லீவு கேட்கிற கூட்டம் குறைந்துபோனது. ஒரு மத்தியானம் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், "சின்னக்கா வந்ததுல இருந்து எங்க வயிறு சொன்ன பேச்சு கேக்குதுப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கைமணத்தக்காவும் சிரித்தாள். கையிலிருந்த கரண்டிதான் சட்டியில் டங்கென்று விழுந்தது.

அதைவிட அவளைச் சுட்டது பெற்ற மகள். அவளும் அதே ஆலையில்தான் பட்டன் தைக்கிறாள். "சித்தி, இன்னும் கொஞ்சம்" என்று அவள் தட்டை நீட்டியதைப் பார்த்தாளோ இல்லையோ, இவளுக்கு வயிறு எரிந்தது.

"பெத்து வளத்தது நானு, தட்டை நீட்டுறது அங்கயா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். பொறாமை என்றால் அப்படியொரு பொறாமை. ஓரகத்தி சின்னவள் தும்மினால்கூட, "மேனேஜர் காதுல விழட்டும்னே தும்முறா" என்பாள்.

ஒருநாள் சின்னவளுக்கு வயிற்றுப்போக்கு. "இதோட அடுப்புக்கிட்ட வரக்கூடாதுக்கா" என்று போனில் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டாள். கைமணத்தக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சோப்பைத் தூக்கி மேல்தட்டில் எறிந்தாள். கோழிப் பலகையும் அங்கேயே ஏறியது.

"யாரு சமையல் சமையல்னு இன்னைக்குத் தெரியும்டி."

மிச்சமிருந்த ஒரே பலகையில் கோழியை வெட்டினாள். பலகையையும் கத்தியையும் கையையும் தண்ணீரில் அலசினாள். அதிலேயே வெள்ளரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

"அக்கா, பலகை..." என்று இழுத்தேன்.

"நீ பாத்திரத்தைப் பாரு."

கோழி நன்றாகக் கொதித்து வெந்தது. வெள்ளரிக்காய் பச்சையாகவே தட்டுக்குப் போனது. அன்றைக்கு அவளுக்குப் பாராட்டு மழை. மகளுக்கு வெள்ளரிக்காய் என்றால் உயிர் என்று இரண்டு பங்கு அள்ளி வைத்தாள்.

மறுநாள் தையல் வரிசையில் பாதி நாற்காலி காலி. மகளுக்கு வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். கைமணத்தக்கா முதலில் தண்ணீரைத் திட்டினாள். பிறகு கோழிக் கடைக்காரனைத் திட்டினாள். கண் வைத்துவிட்டாள் என்று ஓரகத்தியையும் ஒரு பிடி பிடித்தாள். அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்து, வேகவைக்காமல் என்ன சாப்பிட்டாய் என்று மகளைக் கேட்டார்.

"வெள்ளரிக்காய்."

அதற்குப் பிறகு கைமணத்தக்கா யாரையும் திட்டவில்லை.

மகள் வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். கைமணத்தக்கா கஞ்சி காய்ச்சப் போய்க்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக் குழாயடியில் பிரிக்காத சோப்பு ஒன்று இருந்தது. அதைப் பிரித்து, விரலிடுக்கு, நகக்கண் என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

"மணம் போனா போகட்டும்," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, மகள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கரண்டி எடுத்து நீட்டினாள். மகள் வாயைத் திறக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"சித்தி செஞ்சதாம்மா?"

வீடு இரண்டாகப் போகிறது என்று நினைத்தேன். கைமணத்தக்காவின் முகம் சிவந்தது. அந்தப் பொறாமை எங்கேயும் போய்விடவில்லை, அப்படியே முகத்தில் ஏறி நின்றது. நீட்டிய கரண்டியை மட்டும் அவள் இறக்கவில்லை.

"ஆமாடி. சித்திதான் காய்ச்சிக் குடுத்து விட்டா. குடி."

மகள் குடித்தாள். பாதிக் கிண்ணம் உள்ளே போனதும் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

"சித்தி கைமணமே தனிதாம்மா," என்றாள்.

"ஆமா," என்று சொல்லிவிட்டு, அடுத்த கரண்டியை நீட்டினாள் கைமணத்தக்கா.