ஒன்பதாம் பாத்தி

மக்காச்சோளக் குருத்தை இரண்டு விரலால் பிரித்து உள்ளே இருக்கும் புழுவை எண்ணி, “மூணு” என்று உரக்கச் சொன்ன பிறகுதான் வேல்விழி எழுதுவாள். பக்கத்தில் கேட்க ஆள் இருக்க வேண்டும் என்பதில்லை. தலையில் கட்டியிருப்பது ரிஜெக்ட் ஆன டீ ஷர்ட். மேலே போட்டிருப்பது கணவன் ஜெயபாண்டியின் முழுக்கைச் சட்டை.

சிவகாசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வேலம்பாளையம் பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷம் செக்கிங் மேஜை முன்னால் நின்று துணியில் ஊசி ஓட்டை தேடினாள். இப்போது குன்னத்தூர் பக்கம் ஒரு பண்ணையில் ஆறு மாத வயல் ஆய்வுப் பயிற்சி. கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் டிப்ளமோ. இவள் மட்டும் பன்னிரண்டாவது. யாராவது அதைச் சொல்லிக் காட்டினால், “ஏன், எங்கண்ணுக்கு மட்டும் புழு தெரியாதாக்கும்?” என்பாள்.

போன வாரம் நல்ல மழை. புது மருந்து அடித்துச் சோதிக்கிற ஒன்பதாம் பாத்தி சேறாகிவிட்டது. அன்றைக்குப் புழு எண்ணியாக வேண்டும். யாரும் இறங்கவில்லை.

“சராசரி போட்டுருங்க கண்ணு. ரிப்போர்ட் போகோணும்” என்றார் பயிற்சியாளர் தங்கராஜ்.

“பாக்காத செடிக்கு எப்பிடிண்ணே நம்பர் போடுறது?”

“மத்தவங்கெல்லாம் போட்டுட்டாங்களே. நீங்க மட்டும் இப்படி நின்னா சர்டிபிகேட் தர்றது செரமமுங்க.”

“தராட்டி போங்கண்ணே. செக்கிங் மேஜை அங்கனதான் கெடக்கு.” செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு இறங்கினாள்.

ஒவ்வோர் அடிக்கும் காலைப் பிடுங்க வேண்டியிருந்தது. இருபது செடி. ஒன்றைக்கூட விடவில்லை. மற்றவர்கள் கொட்டகையில் உட்கார்ந்து எழுதிய சராசரி, செடிக்கு ஒரு புழு. அவள் எண்ணியதில் செடிக்கு நாலுக்குக் குறையவில்லை. புழு மருந்துக்குக் கட்டுப்படவே இல்லை.

தாளை வாங்கிப் பார்த்த தங்கராஜின் முகம் மாறியது. “இதென்னங்க இப்படி? சரியாத்தான் எண்ணுனீங்களா? மருந்துக் கம்பெனிக்காரங்க ஒத்துக்க மாட்டாங்களே.”

“அவுக ஒத்துக்கிடுறதுக்காகவா புழு செத்துப்போகும்? இந்த மருந்த நம்பி வெள்ளாமைக்கு அடிக்கிற சம்சாரி என்னண்ணே செய்வாக?”

வேல்விழி தாளைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுபடியும் சேற்றில் இறங்கி நின்று, வரப்பில் நின்றவரின் பளபளத்த ஷூவைப் பார்த்தாள்.

“கழட்டிட்டு வாங்கண்ணே, எண்ணுவோம்” என்று கையை நீட்டினாள்.