ஏட்டுக்கும் ஆளுக்கும் நடுவில்

நாடி ஜோதிடத்தில் ஏட்டை வாசிக்கிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர், அவர்கள் இருவரும் சொல்வது பாதி விளங்காமல் நடுவில் உட்கார்ந்திருக்கிறவன் ஒருவன். அந்த மூன்றாவது ஆள் நான்.

ஷார்ஜாவில் பதினான்கு வருஷம் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அறையில் கூட இருந்தவர்களில் பாதிப்பேர் மலையாளிகள், மீதிப்பேர் இந்திக்காரர்கள். ஊருக்குத் திரும்பியபோது அந்தப் பேச்சுப் பழக்கம்தான் என்னிடம் மிச்சம். கன்னியாகுமரியில் லாட்ஜுகள் நிறைந்த தெருவில், ஒரு மாடியில் நாடி பார்த்துக்கொண்டிருந்தார் கலியபெருமாள் அண்ணன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பாஷை மாற்றிச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தார். சேர்ந்துவிட்டேன்.

வருகிறவரின் கட்டைவிரல் ரேகையை நான் காகிதத்தில் எடுப்பேன். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. அந்த ரேகைக்கு உரிய ஓலைக்கட்டை அண்ணன் உள்ளேயிருந்து எடுத்து வருவார். ஒவ்வோர் ஓலையாகப் புரட்டி, “அப்பா பேரு சாமி பேரா? கூடப் பொறந்தவங்க மூணு பேரா?” என்று கேட்பார். வந்தவர் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று பதில் வருகிற ஓலைதான் அவருடையது. பிறகு கல்யாணத்துக்கு ஒரு காண்டம், பிள்ளைகளுக்கு ஒரு காண்டம் என்று முனிவர் பாட்டாக எழுதியதை அண்ணன் ராகம் போட்டு வாசிப்பார். நான் அதைப் பேச்சாக மாற்றிச் சொல்வேன்.

அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நடுவில் உட்கார்ந்தவர்கள், அம்மாவுக்கும் மனைவிக்கும் இடையே சேதி கொண்டுபோனவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு அவர்களுக்கு உடனே விளங்கும்.

பெண் வரும் திசை

சேர்ந்த புதிதில் ஓர் அம்மாள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடற்கரையில் சங்கு, பாசிமாலை விற்கிற கடை. மகனுக்கு முப்பத்துநாலு வயது, பார்த்த பெண்ணெல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்தது. அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஓலை சீக்கிரமே கிடைத்துவிட்டது. தகப்பன் பெயர், தாய் பெயர், இறந்துபோன தங்கை என்று எல்லாம் சரியாக இருந்தது. தங்கை என்றதும் அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

கல்யாணக் காண்டத்தை அண்ணன் வாசித்தார். “பிறந்த ஊருக்குத் தெற்கே பெண் அமையும்” என்று நான் சத்தமாக விளக்கிச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் ஜன்னலைப் பார்த்தேன். வெயிலில் கடல் பளபளத்துக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு எதுவும் உறைக்கவில்லை. அவர் ஊரில் தெற்கே போனால் இன்னும் நாற்பது ஊர் இருக்கும். “நேர் தெக்குன்னு இல்லம்மா, தென்கிழக்கு, தென்மேற்காவும் இருக்கலாம்” என்றார். அந்த அம்மாள் மூன்று திசையையும் விரலால் காட்டிப் பார்த்துவிட்டு, என்னிடம் திரும்பினார்.

“தம்பி, எனக்க வீட்டுக்குத் தெக்க ஒரு லாட்ஜும் அதுக்கப்புறம் கடலுமாக்கும் கெடக்கு. இவனுக்கு மீனையா கெட்டி வைக்க?”

வலதும் இடதும்

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மூத்த மகள் வீட்டில் சொல்லாமல் ஒரு பையனோடு போய்விட்டாள், இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. திரும்பிப் பேசுவாளா என்று தெரிய வேண்டும். நான் மைப்பெட்டியைத் திறந்து, “வலது கையை நீட்டுங்க” என்றேன். நீட்டினார். கட்டைவிரல் இல்லை. ரப்பர் ஷீட் அடிக்கிற உருளை மிஷினில் போய்விட்டதாம்.

அண்ணன் யோசித்துப் பார்த்துவிட்டு, வலது ரேகை இல்லாமல் கட்டு எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கு ஒரு யோசனை வந்தது. விரல் போவதற்கு முன்னால் எங்காவது கைநாட்டு வைத்திருப்பாரே? அவர் முகம் தெளிந்தது. இரண்டு பஸ் மாறி ஊருக்குப் போய், மறுநாள் காலையில் பிளாஸ்டிக் கவரில் பொதிந்த பத்திரத்தோடு வந்தார். பின்பக்கத்தில் ரேகை நன்றாகவே பதிந்திருந்தது. பக்கத்திலேயே ‘இடது பெருவிரல்’ என்று எழுதியிருந்தது. ரெஜிஸ்டர் ஆபீசில் ஆண்பிள்ளைக்கு இடது விரல்தான் என்பது எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அவர் தன் இடது கையைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார். அந்த விரல் இப்போதும் கையில் பத்திரமாக இருந்தது. மகள் நம்பர் இருந்தால் நேரே கூப்பிட்டுப் பேசுங்களேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது என் வேலையா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பத்திரத்தை மடித்துக் கவரில் வைத்துக்கொண்டே சொன்னார்:

“சர்க்காரு இடதக் கேக்கு, முனிவரு வலதக் கேக்காரு, மிஷினு மட்டுந்தான் ஒண்ணுங் கேக்காம எடுத்துட்டு.”

மனை இரண்டு

இதில் தப்பு முழுக்க என்னுடையது. அது எப்படிச் சரியாகிப்போனது என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை.

வடக்கேயிருந்து வயதான ஒரு தம்பதி வந்தார்கள். சூரிய உதயம் பார்த்துவிட்டு, போட்டில் பாறைக்குப் போகும் நேரம்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று மாடி ஏறியவர்கள். கணவர் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். அந்த அம்மாள் தலையில் முக்காடு, கையில் ஜெபமாலை. கணவருடைய ஓலையில் ‘மனை இரண்டு’ என்று ஒரு வரி வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் அண்ணன், பழைய பாட்டில் மனை என்றால் மனைவி என்றும் பொருள் வரும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார். படித்ததைக் காட்டும் ஆசையில், “உங்களுக்கு மனைவி இரண்டு பேர்” என்று இந்தியில் போட்டு உடைத்துவிட்டேன்.

அந்தப் பெரியவர் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. அதைப் பார்த்தே விஷயம் புரிந்துகொண்ட அண்ணன், “வீடுய்யா! ரெண்டு வீடு!” என்று என் தொடையைக் கிள்ளினார். நான் உளறிக்கொட்டித் திருத்தினேன். மன்னிக்க வேண்டும், வீடு என்றுதான் சொல்ல வந்தேன், ஒன்று சொந்த ஊரில், ஒன்று வேலை பார்த்த ஊரில் என்று என்னென்னவோ சொன்னேன். பெரியவர் வேகவேகமாகத் தலையாட்டினார். அந்த அம்மாள் மட்டும் ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்தவே இல்லை. அவர் இந்தியில் மெதுவாகச் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

“முதலில் சொன்னதுதான் சரி, மகனே. முப்பது வருஷமாக எனக்குத் தெரியும். அவள் பெயர் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்.”

ஏழாம் காண்டம்

ஒரு திங்கட்கிழமை காலை, கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் தனியாக வந்தாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை போட்ட தாலி. பங்குச் சாமியாருக்கோ ஊர்க்காரர்களுக்கோ தெரிய வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டாள். ஆறு பேர் போன போட்டில் நாலு பேர்தான் கரை திரும்பினார்களாம். இவளுடைய மாப்பிள்ளையும் இன்னொருவரும் வரவில்லை. ஒன்றரை வருஷம் ஆயிற்று. மாமியார், ஆத்மாவுக்குப் பூசை வைக்க வேண்டும் என்கிறாள். “பூசை வச்சா ஆளு இல்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரியில்லியா, அண்ணாச்சி?” என்றாள்.

ஓலை கிடைத்தது. கணவன் பெயர் வேறு மார்க்கத்துப் புனிதர் ஒருவரின் பெயர் என்று அண்ணன் வாசிக்க, “ஆமா, அந்தோணி” என்று அவள் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. பழைய முனிவருக்கு அந்தோணியாரை எப்படித் தெரியும்? அடுத்த நிமிஷமே, தாலியில் சிலுவையைப் பார்த்த யாரும் இவ்வளவு ஊகித்துவிடலாமே என்றும் தோன்றியது. இந்த வேலையில் என் புத்தி எப்போதும் இப்படித்தான், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

ஏழாம் காண்டம் கணவனைப் பற்றியது. அண்ணன் ராகத்தோடு இரண்டு வரி போனார். மூன்றாவது வரியில் ராகம் நின்றது. வாய்க்குள்ளேயே மீதியைப் படித்தார். பிறகு ஓலையை மூடிவிட்டு, “இந்த ஓலை இத்தோட முடிஞ்சுதும்மா” என்றார். ஓலையில் இன்னும் மூன்று வரி இருந்ததை நான் பார்த்தேன். அந்தப் பழைய எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. அன்று மத்தியானம் அதைப் பற்றி அவரிடம் கேட்டேன். ஓலைக்கட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் உண்மையை மறைத்தாரா, அவருக்கே தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூசினாரா என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண் பூசை வைத்தாளா என்றும் தெரியாது. அவள் புறப்படும்போது அண்ணனைப் பார்க்கவில்லை. பாஷை மாற்றிச் சொல்கிறவன் என்று நினைத்தோ என்னவோ, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

“முடிஞ்சுன்னு அவிய சொன்னது ஏட்டையா, எனக்க மாப்பிளயையா? நீங்களாவது சொல்லுங்க.”

கடல் கடந்த கதை

அதற்குப் பிறகு பல நாள் எனக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. ஒரு நாள், என் ஓலையைப் பாருங்கள் என்று நானே கட்டைவிரலை நீட்டினேன். அண்ணன் மறுத்துப் பார்த்தார். பிறகு நாலு நாள் தேடி எடுத்து வந்தார். என் பெயர், அம்மா பெயர், மனைவி பெயர், இரண்டு பெண்பிள்ளைகள் எல்லாம் இருந்தது. ஆனால் அண்ணனுக்கு இதெல்லாம் தெரியும். என் வீட்டில் ஓணத்துக்குச் சாப்பிட்டிருக்கிறார். அதனால் ஆச்சரியப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் ‘கடல் கடவான்’ என்று ஒரு வரி வந்தது. வாழ்நாளில் இவன் கடல் தாண்டமாட்டான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொய்யென்றால் எனக்குப் பிடித்த மாதிரி எழுதியிருக்கலாமே, ஷார்ஜா போய்வந்தது அண்ணனுக்குத் தெரியாதா? மெய்யென்றால் பதினான்கு வருஷம் நான் எங்கே இருந்தேன்? விசா அடித்த பாஸ்போர்ட்டை வீட்டிலிருந்து எடுத்து வந்து அவர் முன்னால் விரித்துப் போட்டேன். ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் புரட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சந்தேகம் தீர்ந்தவர் மாதிரி கேட்டார்:

“நீங்க பிளேன்லதானே போனீங்க தம்பி? காலு கடல்ல பட்டுச்சா?”

இத்தனை பேருக்கு இத்தனை விஷயத்தைப் பாஷை மாற்றிச் சொல்லியதில், ‘தெரியாது’ என்ற ஒரு சொல்லை மட்டும் எந்தப் பாஷையிலும் தடுமாறாமல் சொல்லப் படித்துக்கொண்டிருக்கிறேன்.