எங்கள் வீட்டுக் கொலைகாரர்

பெங்களூரில் பார்த்த வேலை போனதும் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய செல்போனில் ஒரு துப்பாக்கி விளையாட்டும் கூடவே வந்தது. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "பின்னால வர்றான் பாரு, சுடு, வுடாத!" என்று கத்துவார். வாசலில் மிளகாய் காயவைக்கும் அம்மா திடுக்கிட்டு நிமிர்வாள்.

"ஒரு நா இவன் நெசமாவே யாரையாச்சும் வெட்டிப்புடுவான்" என்பார் அப்பா.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். கோழி அறுக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா ஏன் தெருக்கோடிக்குப் போய் நிற்கிறார் என்பதுதான் குழப்பமாக இருந்தது.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவில் ஒரு கிணறு. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அந்தக் கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. ஒரு நாள் காலை நானும் மாமாவும் வயலிலிருந்த அப்பாவுக்கு இட்லி எடுத்துக்கொண்டு போனபோது, எங்கள் முறையில் பெரியப்பாவின் மஞ்சளுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நேத்து கரண்டே வரல. என் பயிரு காயட்டுமா?" என்றார் பெரியப்பா.

"அதுக்கு என் முறையத் திருடுவியா?"

அப்பா மண்வெட்டியை ஓங்கிவிட்டார். மாமா தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடி, குறுக்கே பாய்ந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். "வேணாங்க மாமா, உங்க அண்ணனுங்க அவரு!" மண்வெட்டிக் காம்பு மாமாவின் தோளில் இறங்கியது. பெரியப்பா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மாமா ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. செல்போனில் அத்தனை பேரைச் சுட்டுச் சாய்த்தவர்!

"ஏன் மாமா நீங்க திருப்பி அடிக்கல?"

"யார கண்ணு அடிக்கறது?" என்றார்.

சாயங்காலம் சொந்தக்காரர்கள் வீட்டில் கூடினார்கள். அப்பாவும் பெரியப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெரியப்பா மாமாவின் செல்போனைக் காட்டினார். "எந்நேரமும் சுடு, கொல்லுன்னு காதுல வுழுந்தா மனுசனுக்குப் புத்தி எப்படி நிக்கும்?"

"நானும் அதத்தாண்ணா சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றார் அப்பா.

அண்ணனும் தம்பியும் சமாதானமானதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தோளில் கட்டுப் போட்டிருந்த மாமா செல்போனை எடுத்து, அத்தனை பேர் முன்னால் இடது கையால் அந்த விளையாட்டை அழித்தார்.

அதன்பிறகு எங்கள் முறை வருகிற நாட்களில், அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு அப்பாவுடனேயே வயலுக்குப் போனாள். தண்ணீர் பாய்ந்து முடியும்வரை அங்கேயே இருந்தாள். விளையாட்டைத்தான் அழித்தாகிவிட்டதே, இன்னும் அம்மாவுக்கு என்ன பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.